ஸ்கேல்படி இரண்டு மாத்திரை

கம்பெனியின் தொழிலாளர் நல நிதிக்கு முனிராஜ் தரவேண்டிய பாக்கி இருபத்தெட்டு ரூபாய் முப்பத்தைந்து பைசா. சூளை முன்னால் அவன் மயங்கி விழுந்த நாளில் வந்த கடன் அது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன டாக்சிக் கூலி, அங்கே நெஞ்சில் ஒயரை ஒட்டிக் கோடு கோடாக எடுத்த படத்தின் கூலி, அவன் விழும்போது தட்டோடு கீழே போய்ச் சில்லுப் பெயர்ந்த எனாமல் குவளைகளின் விலை, எல்லாம் சேர்ந்த தொகை. தட்டை இறக்கி வைத்துவிட்டு விழுந்திருந்தால் இவ்வளவு வந்திருக்காது என்று நல அதிகாரி தியோடர் அவனுக்குப் பொறுமையாக எடுத்துச் சொன்னார். மாதம் ஒரு ரூபாய் சம்பளத்தில் பிடித்தார்கள். பாக்கியைக் கணக்கில் வைத்துப் பராமரிக்கும் செலவு என்று மாதம் ஒரு ரூபாயைப் பாக்கியில் ஏற்றினார்கள். ஆகவே அது கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வீட்டில் ஒரு ஆள் போலக் கூடவே இருந்தது.

கம்பெனி பெங்களூரில் பழைய மெட்ராஸ் ரோட்டில் இருந்தது. தகட்டைப் பிரஸ்ஸில் அடித்துக் குவளையாகவும் கை கழுவும் பேசினாகவும் வளைத்து, எனாமல் பூசி, சூளையில் வேகவைத்து எடுப்பார்கள். முனிராஜ் சூளைக்காரன். ஜோகுபாளையத்தில் ஒற்றை அறை வீடு. மனைவி யசோதா வீட்டிலேயே அகர்பத்தி உருட்டினாள். இருவருக்குமே கல்யாணம் தாமதமாகத்தான் நடந்தது. அவன் தங்கைகளை ஒவ்வொருத்தியாக அனுப்பிவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது வயது போயிருந்தது. அவள் கைகால் விழுந்து கிடந்த தகப்பனைக் கடைசிவரை பார்த்துவிட்டு நிமிர்ந்தபோது அவளுக்கும் போயிருந்தது. ஒரு பிள்ளை வேண்டும் என்பதைத் தவிர இரண்டு பேரும் பெரிதாக எதையும் கேட்கவில்லை.

"எனக்கு முப்பத்தஞ்சி ஆச்சி. இன்னும் ரெண்டு மூணு வருசம் போனா, நானே கேட்டாலும் இந்த ஒடம்பு குடுக்காதுயா" என்று யசோதா சொல்லியிருந்தாள்.

இந்த நேரத்தில்தான் அவன் நெஞ்சு தாளம் தப்பியது. நாலு அடி ஒழுங்காக அடிக்கும், பிறகு சரிவில் விட்ட தகர டப்பா மாதிரி உருளும். பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் படத்தைப் பார்த்தார், நாடியைப் பிடித்தார். தினம் ஒரு மாத்திரை, அதற்கு மேல் வேண்டாம், மாதம் ஒரு தடவை உங்கள் கம்பெனி டாக்டரிடம் காட்டு என்று சீட்டு எழுதினார். மாத்திரையைக் கம்பெனி டிஸ்பென்சரியிலேயே வாங்கிக்கொள்ளச் சொன்னார். கம்பெனி டிஸ்பென்சரியைப் பற்றி அவருக்குத் தெரியாது.

அங்கே டாக்டர், கேப்டன் சீனிவாசராகவன். சண்டைக்காலத்தில் பர்மா எல்லையில் கோவேறு கழுதைப் பட்டாளத்தோடு இருந்தவர். கழுதைகளுக்கு வைத்தியம் பார்த்தாரா, ஓட்டினவர்களுக்குப் பார்த்தாரா என்று யாரும் கேட்டதில்லை. பட்டாளத்தில் எல்லாமே ஸ்கேல்படி, இன்ன ஆளுக்கு இவ்வளவு என்று நடக்கும். பூட்ஸ் ஸ்கேல்படி, சர்க்கரை ஸ்கேல்படி. அந்த நல்ல வழக்கத்தை அவர் கம்பெனிக்கும் கொண்டுவந்தார். சூளைக்காரனுக்கு மாதம் இரண்டு கட்டி சோப்பு, பிரஸ்காரனுக்கு ஒன்று, ஆபீஸ்காரர்களுக்குப் பாதி. அழுக்கு எவ்வளவோ சோப்பு அவ்வளவு. இதில் யாருக்கும் குறை இல்லை. மருந்துக்கும் அதே ஸ்கேல்தான். சூளைக்காரனுக்குப் பாரம் அதிகம், பாரம் அதிகமானால் நெஞ்சுக்கு வேலை அதிகம். ஆகவே நெஞ்சு மாத்திரை சூளைக்கு இரண்டு, பிரஸ்ஸுக்கு ஒன்று, ஆபீஸுக்கு அரை.

மாத்திரையைக் கையில் கொடுக்கமாட்டார்கள். எவனோ ஒருவன் பூச்சி மாத்திரையை அல்சூர் மார்க்கெட்டில் விற்றுவிட்டான் என்று பிடிபட்ட நாளிலிருந்து விதி மாறியது. காலையில் முதல் சங்கு ஊதியதும் நோயாளிகள் டிஸ்பென்சரி ஜன்னலில் வரிசையாக நிற்கவேண்டும். கம்பவுண்டர் ஆம்ப்ரோஸ் கரண்டியால் மாத்திரையை நாக்கில் வைப்பார். தண்ணீர் ஊற்றுவார். விழுங்கியதும் "ஆ" என்று வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கி, இடது பக்கம் வலது பக்கம் காட்டவேண்டும். வாய் காலி என்று ஆம்ப்ரோஸ் பார்த்துச் சொன்ன பிறகுதான் அன்றைய பித்தளை வில்லை கைக்கு வரும். வில்லை இல்லாதவன் வேலைக்கு வராதவன்.

முனிராஜ் தினமும் இரண்டு விழுங்கினான். நெஞ்சு அடங்கியது. அதில் பொய் இல்லை. ஆனால் அதோடு சேர்ந்து வேறு பலவும் அடங்கின. சோறு தகரத்தை நக்குவது மாதிரி இருந்தது. வெள்ளைக் குவளைகள் மஞ்சளாகத் தெரிந்தன. நன்றாக வெந்து வந்தவற்றைக் கருகிப்போனதென்று ஒதுக்கி வைத்து ஃபோர்மேனிடம் ஏச்சு வாங்கினான். மார்பு இரண்டு பக்கமும் வீங்கிச் சட்டை உரசினாலே வலித்தது. வீட்டில், யசோதா பக்கத்தில் படுத்தால், பக்கத்தில் யாரோ படுத்திருக்கிறார்கள் என்பது மட்டும்தான் அவனுக்குத் தெரிந்தது. முதலில் களைப்பு என்றான். பிறகு வெயில் என்றான். வெயில் போய் மழை வந்தபோது சொல்ல ஒன்றும் மிச்சமில்லை.

"அந்த மாத்திரைக்கு முன்னாடி நீ இப்பிடி இல்லியே" என்றாள் யசோதா. "போய்க் கேளுயா. நோவுக்குத்தானே கேக்கற, கடனா கேக்கற."

மறுநாள் ஜன்னலில் அவன் ஆம்ப்ரோஸின் காதருகே குனிந்தான்.

"இன்னா மேன் முணுமுணுக்கிற. கம்ப்ளெய்ன்ட்னா சத்தமா சொல்லு. பின்னாடி நிக்கிற ரெண்டு பேர் காதுல விழுந்தாத்தான் கம்ப்ளெய்ன்ட். ரூல்."

பின்னால் நின்றவர்களில் முதலாவது ஆள் பிரஸ்கார கோவிந்தப்பா. முனிராஜுக்குச் சிநேகிதன். ஆனால் சிநேகத்தைவிடச் சிரிப்பு அவனுக்கு முக்கியம். "சொல்லு மச்சான், நான் ஒரு காத மூடிக்கிறேன். பேஜார் பண்ணாத, சங்கு ஊதிடப் போறான்."

"வயித்துக்குக் கீழங்க" என்றான் முனிராஜ்.

"கால்?"

"காலுக்கு மேலங்க."

ஆம்ப்ரோஸ் சுவரில் எழுதியிருந்த பட்டியலைப் பார்த்தார். தலை, கண், காது, பல், மார்பு, வயிறு, கை, கால். நல்ல எண்ணெய்ச் சாயத்தில் எழுதியது. மேலிருந்து கீழே ஒரு தடவை, கீழிருந்து மேலே ஒரு தடவை விரல் வைத்துப் பார்த்தார்.

"நடுவுல ஒண்ணும் இல்லியே மேன்."

"இருந்துச்சுங்க. இப்பதான் இல்லாத மாதிரி கீது."

வரிசை முழுவதும் சிரித்தது. கோவிந்தப்பா காதிலிருந்து கையை எடுத்துவிட்டுச் சிரித்தான். ஆம்ப்ரோஸ் சிரிக்கவில்லை. பதினைந்து வருஷமாக எந்தக் கம்ப்ளெய்ன்டையும் பதியாமல் திருப்பி அனுப்பியதில்லை என்ற பேர் அவருக்கு உண்டு. வயிறு என்று போட்டால் பேதி மருந்துதான் கொடுக்கவேண்டும், அது பாவம் என்று யோசித்து, கால் என்று பதிந்து, முழங்காலுக்குத் தேய்க்கும் தைலம் ஒரு சீசா கொடுத்தார்.

யசோதா சீசாவை முகர்ந்து பார்த்தாள். "இத இன்னா பண்ணணுமாம்?"

"முட்டிக்குத் தேய்க்கணுமாம்."

அவள் சிரித்தாள். அந்த மாதத்தில் அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது. சிரித்து முடித்துப் பத்தி மாவைக் கையில் எடுத்தவள் உருட்டாமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள்.

தைலத்தில் பலன் இல்லை என்று எழுதிக்கொடுத்த பிறகுதான் டாக்டரைப் பார்க்க முறை வந்தது. கேப்டன் சீனிவாசராகவன் ஆஸ்பத்திரிச் சீட்டை எட்டப் பிடித்துப் படித்தார்.

"ஒண்ணுன்னு எழுதியிருக்கான். சரி. அவன் எழுதினது யாருக்கு?"

"எனக்குதாங்க."

"இல்லே. நோயாளிக்கு. அங்கே நீ நோயாளி. இங்கே நீ சூளைக்காரன். நான் குடுக்கறது சூளைக்காரனுக்கு. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதே."

சட்டையைக் கழற்றச் சொல்லி மார்பைச் சுற்றி டேப் வைத்து அளந்தார். வேலையில் சேர்ந்தபோது இருந்ததைவிட ஒன்றரை அங்குலம் கூடியிருந்தது. அவர் முகம் மலர்ந்தது.

"பார்த்தியா. பட்டாளத்துல இந்த ஒன்றரை அங்குலத்துக்கு எத்தனை மாசம் டிரில் வாங்குவோம் தெரியுமா? ரெண்டு மாத்திரையில வந்துடுத்து."

"வீங்கிகினு வலிக்குதுங்க கேப்டன் சார். பொம்பளைங்களுக்கு மாதிரி..."

"வளர்ச்சின்னா வலிக்கத்தான் செய்யும்."

முனிராஜ் கழற்றிய சட்டையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, வந்த விஷயத்தை ஒருவழியாகச் சொன்னான். மாத்திரையால்தான் இப்படி ஆகிறதா, ஒன்று குறைத்தால் சரியாகுமா. இந்த இரண்டுதான் அவனுக்குத் தெரியவேண்டும். டாக்டர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"உன்னை வேலைக்கு எடுத்தப்போ யார் பரிசோதிச்சது? நான்தானே. கையைப் பார்த்தேன், காலைப் பார்த்தேன், கண்ணு, காது, நெஞ்சு பார்த்தேன். நீ இப்போ சொல்றியே, அதைப் பார்த்தேனா? பார்க்கலை. ஏன்னா கம்பெனிக்கு அது வேண்டாம். கம்பெனி எடுத்துக்காத உறுப்பைக் கம்பெனி மருந்து எப்படிக் கெடுக்கும்? அது வீட்டுச் சொத்து. வீட்டுல ஏதோ கெட்டிருக்கு."

"அப்ப ஒண்ணு குறைக்க வழியே இல்லீங்களா?"

"ஏன் இல்லே. கிரேடு மாறினா ஸ்கேல் மாறும். நாளைக்கே கிளார்க் ஆயிடு, அரை மாத்திரை. இல்லேன்னா இழப்பு உண்மைதான்னு நல அதிகாரி விசாரிச்சு எழுதிக் குடுக்கட்டும், குறைக்கறேன். நான் ஒண்ணும் கல் நெஞ்சுக்காரன் இல்லே."

ஆபீஸில் ஒரு பெரிய குமாஸ்தாவுக்கும் இதே நோய் இருந்தது. அரை மாத்திரை போதாமல் அவர் மாடிப்படியில் பாதியில் நின்று மூச்சு வாங்குவார். என் ஒன்றை அவருக்குக் கொடுங்கள் என்று முனிராஜ் கேட்டுப் பார்த்தான். ஸ்கேலில் கொடுக்கல் வாங்கல் கிடையாது என்று சொல்லி டாக்டர் மணியடித்தார்.

நல அதிகாரி தியோடர் விசாரணைக் கமிட்டி அமைத்தார். தியோடர் தலைவர், டாக்டர் உறுப்பினர், குறிப்பெடுக்க ஆம்ப்ரோஸ். தியோடர் தொழிலாளர் நலத்தில் டிப்ளமா வாங்கியவர். யாரிடமும் குரலை உயர்த்தமாட்டார். சாட்சிக்கு யசோதாவையும் வரச் சொல்லியிருந்தார்கள். விரலில் போகாமல் நின்ற பத்திக் கரியைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டு, கல்யாணச் சேலையைக் கட்டிக்கொண்டு அவள் வந்தாள். மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று நாற்காலி இருந்தது. இந்தப் பக்கம் நாற்காலி இல்லை.

"நீங்கள் கூச்சப்படாமல் பேசலாம் அம்மா" என்றார் தியோடர். "இங்கே எல்லாரும் அதிகாரிகள்தான்."

ஆம்ப்ரோஸ் பேனாவைத் திறந்ததும் தியோடரே கேட்டார்.

"மாத்திரைக்கு முன்னால் மாதத்துக்கு எத்தனை, இப்போது எத்தனை? தோராயமாகச் சொன்னால் போதும்."

"எத்தினின்னா?" என்றாள் யசோதா. "நான் இன்னா பத்தியா உருட்டறேன், ஆயிரத்துக்கு இவ்ளோன்னு சொல்றதுக்கு? ஒங்க வூட்ல கணக்கு வெச்சிகினு கீறாங்களா சார்?"

தியோடர் தண்ணீர் குடித்தார். கணக்கு ஆதாரம் இல்லை என்று ஆம்ப்ரோஸ் குறித்துக்கொண்டார்.

"கோபப்படக்கூடாது. இழப்பு என்று ஒருவர் சொன்னால், முதலில் அது இருந்தது என்று காட்டவேண்டும். உங்களுக்கு ஒரு பிள்ளை இருந்தால் அதை ஆதாரமாக வைத்துக்கொண்டு இன்றைக்கே மாத்திரையைக் குறைத்துவிடுவோம். பிள்ளை இல்லையே."

"புள்ள வேணும்னுதானே சார் மாத்திரைய கொறைங்கன்னு வந்து நிக்கிறோம்."

"அதையேதான் நானும் சொல்கிறேன்" என்றார் தியோடர், இருவருக்கும் கருத்து ஒற்றுமை வந்துவிட்ட திருப்தியோடு. "பிள்ளை வரட்டும். வந்ததும் வாருங்கள்."

இழப்பு நிரூபணமாகவில்லை என்று முடிவாயிற்று. முனிராஜுக்கு அரை நாள் சம்பளம் போயிற்று. யசோதா வீட்டுக்கு வந்து கல்யாணச் சேலையை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு, "அந்தப் பெரிய ஆஸ்பத்திரி ஆளு எழுதினது ஒண்ணுதானே" என்றாள். "ஒண்ணு முழுங்கு."

"வாயத் தெறந்து பாக்கறாங்கம்மே."

"கடவாய்ல பல்லு வுழுந்த பொந்து கீதுல்ல. அது சும்னேதானே கெடக்குது."

அப்படித்தான் ஆரம்பித்தது. ஒரு மாத்திரை தொண்டைக்குள் போகும், ஒன்று பொந்துக்குள் போகும். நாக்கைத் தூக்கினாலும் கன்னத்தை இழுத்தாலும் ஆம்ப்ரோஸின் கண்ணுக்கு அந்த இடம் தெரியாது. சூளைக்குப் போகிற வழியில் சாம்பலில் துப்பிவிடுவான். கசப்பு மத்தியானம் வரை வாயில் நிற்கும். அதை அவன் பொருட்படுத்தவில்லை.

முதலில் குவளைகள் வெள்ளையாயின. பிறகு குழம்பில் புளி தெரிந்தது. நெஞ்சு ஒன்றும் புரளவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வாசலில் தட்டுத் தட்டாகப் பத்தி காய்ந்துகொண்டிருந்தபோது, யசோதா உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். தெருவில் எவனோ கோலி விளையாட்டில் சண்டை போட்டுக்கொண்டிருந்தான். சண்டை முடிந்து, கோலி முடிந்து, தெரு அடங்கிய பிறகும் கதவு திறக்கவில்லை. அவள் அவன் நெஞ்சில் காதை வைத்துப் படுத்திருந்தாள்.

"ஒழுங்கா அடிக்குதுயா."

"ம்."

"பத்தி வெயில்ல வெடிச்சிருக்கும்."

"வெடிக்கட்டும்."

அந்த மாதம் முழுவதும் முனிராஜ் சூளையில் வாய்க்குள் ஏதோ பாட்டை முனகிக்கொண்டிருந்தான். கோவிந்தப்பா தைலம் எங்கே கிடைக்கும் என்று கேட்டான்.

அந்தச் சந்தோஷத்தைக் கெடுத்தது டாக்டரின் டேப். மாதாந்தரப் பரிசோதனையில் மார்பளவு முக்கால் அங்குலம் குறைந்திருந்தது. கேப்டன் சீனிவாசராகவன் மூன்று முறை அளந்தார். மூன்று முறையும் நோயாளி குணமாகிக்கொண்டிருந்தான்.

"இவன் மாத்திரை சாப்பிடலை" என்றார்.

மறுநாள் ஜன்னலில் ஆம்ப்ரோஸ் டார்ச் வைத்திருந்தார். கரண்டிக் காம்பால் துழாவிப் பொந்திலிருந்து மாத்திரையை எடுத்து, வரிசைக்குத் தூக்கிக் காட்டினார். யாரும் சிரிக்கவில்லை. வேலையை விட்டு எடுக்கவேண்டும் என்றார் டாக்டர். தியோடர் தடுத்தார். தொழிலாளி குற்றவாளி அல்ல, பொந்துதான் குற்றவாளி என்றார். கம்பெனி செலவில் பல் டாக்டரை வரவழைத்து அந்த இடத்தில் ஒரு பல்லைக் கட்டினார்கள். கம்பெனி ஒரு தொழிலாளிக்குக் கட்டிய முதல் பல் அது. கீழே விழுந்து குவளையில் சில்லுப் பெயர்த்ததற்குப் பாக்கி எழுதியவர்கள், இதற்கு ஒரு பைசா எழுதவில்லை. நல நிதியின் ஆண்டறிக்கையில் பல் பாதுகாப்பு என்று தனித் தலைப்பில் அது வந்தது.

முனிராஜ் மறுபடியும் இரண்டு விழுங்கினான். வேலையை விட்டுவிடலாம்தான். நெஞ்சு படத்தோடு போகிறவனை எந்தச் சூளையில் எடுப்பார்கள். குவளைகள் மஞ்சளாயின. கதவு சாத்துகிற ஞாயிற்றுக்கிழமைகள் நின்றுபோயின. யசோதாவுக்கு நாள் தள்ளிப்போனது போல இருந்து, பிறகு தள்ளவில்லை என்று ஆயிற்று. அவள் அதைச் சொல்லவில்லை. கொல்லையில் துணி காய்வதைப் பார்த்து அவனாகத் தெரிந்துகொண்டான்.

பாகிஸ்தான் சண்டை முடிந்து சில வருஷம் ஆகியிருந்தது. பெங்களூர்ச் சுவர்களில் சிவப்பு முக்கோணம் வந்த காலம். தொழிற்சாலைகள் எல்லாம் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்கு இத்தனை ஆள் தரவேண்டும் என்று மேலிருந்து கடிதம் வந்தது. அதிகம் தருகிற கம்பெனிக்கு ஒரு ஷீல்டு. ஆபரேஷன் செய்துகொள்கிறவனுக்கு முப்பது ரூபாய். ஆபரேஷன் வேன் கம்பெனி வாசலில் நின்றதும் பிரஸ் பிரிவு பின்சுவர் ஏறிக் குதித்தது. நாலு பிள்ளை பெற்ற கோவிந்தப்பா குதித்ததில் கால் சுளுக்கி, முனிராஜுக்குக் கொடுத்த தைலத்தை வந்து வாங்கிக்கொண்டு போனான். எல்லாரையும் கெஞ்சிக் கொஞ்சித் திரட்டியும் பக்கத்து சோப்புக் கம்பெனியும் இந்தக் கம்பெனியும் சம எண்ணிக்கையில் நின்றன. ஷீல்டுக்கு ஒரு ஆள் குறைந்தது.

தியோடர் சூளைக்கே வந்தார். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு முனிராஜின் தோளில் கை வைத்தார். அதுவரை அதிகாரிகள் யாரும் அந்தத் தோளைத் தொட்டதில்லை.

"கத்தி கிடையாது முனிராஜ். ரத்தம் கிடையாது. ஏற்கனவே நடந்துவிட்ட ஒன்றை எழுத்தில் போடுகிறோம், அவ்வளவுதான். மருந்துவழி நிரந்தர முறை என்று."

"எனக்குப் புள்ளையே இல்லீங்களே சார்."

"அதனால்தான் உன்னைவிடப் பொருத்தமான ஆள் இல்லை. மற்றவன் எல்லாம் நாலு பெற்றுவிட்டு நிறுத்துகிறான். தேசத்துக்காக ஆரம்பத்திலேயே நிறுத்தியவன் நீ ஒருவன்தான்."

முனிராஜ் சூளைக்கதவைப் பார்த்துக்கொண்டு யோசித்தான். "அன்னிக்கு விசாரணையில ஒண்ணும் போவலன்னு எழுதினீங்களே சார்."

"அது மாத்திரையைக் குறைப்பதற்காக நடந்த விசாரணை. அதற்கு ஆதாரம் வேண்டும். இது ஷீல்டுக்காக. இதற்கு நம்பிக்கை போதும்."

"இப்ப, போச்சின்னு எழுதிக் குடுப்பீங்களா?"

"முத்திரை போட்டு."

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு முனிராஜ் வீட்டுக்கு வந்தான். இழப்பு உண்மை என்று நல அதிகாரி எழுதிக்கொடுத்தால் ஒன்று குறைக்கிறேன் என்று டாக்டர் தம் வாயால் சொல்லியிருக்கிறார். இப்போது அவர்களாகவே எழுதிக்கொடுக்க வருகிறார்கள். எழுதினால் குறைத்துத்தானே ஆகவேண்டும்.

"ஸ்வல்ப யோசிச்சிப் பாரு" என்றாள் யசோதா. "இன்னிக்கி வரிக்கும் அவங்க எழுதின எதுலயாச்சும் நமக்கு ஒண்ணு கொறஞ்சிருக்குதா?"

"இது முத்திரை போட்டதும்மே."

அவள் தட்டை நகர்த்திப் போட்டு அவனுக்கு இடம் விட்டாள்.

ஷீல்டு விழா உணவுக்கூடத்தில் நடந்தது. முனிராஜை மேடையில் முதல் வரிசையில் உட்காரவைத்தார்கள். தொழிற்சங்க இரவுப் பள்ளியில் நாற்பது வயதில் கற்றுக்கொண்ட கையெழுத்தைக் கேட்ட இடத்திலெல்லாம் போட்டான். பெண்கள் பக்கம் யசோதா கடைசி பெஞ்சில் இருந்தாள்.

தியோடர் பேசினார். "நண்பர்களே, நலம் என்றால் என்ன? தொழிலாளி கேட்பதைக் கொடுப்பது நலம் அல்ல. அதை யாரும் கொடுத்துவிடலாம். அவன் கேட்காததை, அவனுக்கே தெரியாமல், அவன் உடம்புக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் நலம். முனிராஜைப் பாருங்கள். சுவர் ஏறிக் குதித்தானா? இல்லை. தினமும் வாயைத் திறந்தான். அந்த வாய்க்குக் கம்பெனி ஒரு பல்லும் கொடுத்தது."

கைதட்டினார்கள். டாக்டர் எழுந்தார். "நான் அதிகம் பேசறவன் இல்லே. பர்மா எல்லையில எங்க கழுதைகள் ராத்திரி கத்தி எதிரிக்குக் காட்டிக் குடுத்துடும்னு, எல்லாத்துக்கும் தொண்டையில ஒரு சின்ன ஆபரேஷன் பண்ணிட்டோம். அப்புறம் ஒரு கழுதைகூடக் குறை சொன்னதில்லை. நிர்வாகம்னா அதுதான்." உட்கார்ந்தார். இதற்கும் கைதட்டினார்கள்.

முனிராஜுக்கு மாலை போட்டு, கம்பெனியில் செய்த எனாமல் குவளை ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார்கள். அவன் கண்ணுக்கு அது மஞ்சளாக இருந்தது. முத்திரை போட்ட தாளும் கைக்கு வந்தது. அவன் மேடையைவிட்டு இறங்கவில்லை. மாலையோடு நேரே டாக்டரின் நாற்காலிக்குப் போய்த் தாளை நீட்டினான்.

"கேப்டன் சார். எழுதிக் குடுத்துட்டாங்க. நாளையிலேர்ந்து ஒண்ணு குடுங்க."

டாக்டர் தாளைப் படித்தார். பிறகு, பட்டாளத்தில் கனவு காண்கிற சிப்பாயைப் பார்ப்பது போல அவனைப் பார்த்தார்.

"ஒண்ணு குறைச்சா என்னாகும்?"

"சரியாப் போவும் சார். போன வாட்டி ஒண்ணு முழுங்கினப்ப சரியாத்தான் இருந்துச்சி."

"அதாவது, திரும்ப வந்துடும். வந்தா இந்தத் தாள் பொய். தாள் பொய்னா கணக்குல ஒண்ணு குறையும். ஒண்ணு குறைஞ்சா ஷீல்டு சோப்புக் கம்பெனிக்குப் போயிடும். இத்தனை பேர் முன்னால வாங்கின ஷீல்டைத் திருப்பிக் குடுக்கச் சொல்றியா?" அவர் தாளில் ஒரு வார்த்தையைத் தட்டிக் காட்டினார். "நிரந்தரம்னு போட்டிருக்கு. நீதான் கையெழுத்துப் போட்டிருக்கே. இனிமே உனக்கு ரெண்டு, சூளைக்காரன்ங்கறதுக்காக இல்லே. நாளைக்கு உன்னை மேனேஜரா ஆக்கினாலும் ரெண்டுதான்."

கடைசி பெஞ்சிலிருந்து யசோதா எழுந்து போவதை முனிராஜ் மேடையிலிருந்தே பார்த்தான். அவள் அவசரப்படாமல் போனாள்.

மாலையில் ஆம்ப்ரோஸ் அவனை ஜன்னலுக்குக் கூப்பிட்டு ஒரு ரசீது கொடுத்தார். முப்பது ரூபாயில் இருபத்தெட்டு ரூபாய் முப்பத்தைந்து பைசா நல நிதிப் பாக்கிக்கு நேராயிற்று. மீதி ஒரு ரூபாய் அறுபத்தைந்து பைசா கழுத்தில் போட்ட மாலையின் விலைக்குச் சரியாயிற்று.

"கை மேல காசு குடுத்தா நீ குடிச்சிட்டிருப்ப மேன்" என்றார் ஆம்ப்ரோஸ். அவர் குரலில் சந்தோஷம் இல்லை. ஜன்னலைச் சாத்தப்போனவர் நின்று, "நான் ஒண்ணும் பண்ண முடியாது. தெனம் வாயப் பாக்க டார்ச் வேற குடுத்து வெச்சிருக்காங்க" என்றார்.

வீட்டில் யசோதா பத்தி உருட்டிக்கொண்டிருந்தாள். பரிசுக் குவளையை வாங்கி, பொடி அளக்க ஆகும் என்று கரிப்பொடி டப்பாவுக்குள் போட்டாள். முனிராஜ் விளக்கருகே உட்கார்ந்து ரசீதை எழுத்துக்கூட்டிப் படித்தான்.

"முனி-ராஜ். சூளை. பாக்கி... இல்-லை."

"யாரு பாக்கி?"

"நம்ம பாக்கி. அவங்களுக்கு நாம குடுக்க வேண்டியது. முடிஞ்சிபோச்சி."

யசோதா ஒரு பத்தியை உருட்டி முடித்துத் தட்டில் வைத்தாள். அடுத்த குச்சியை எடுத்தாள்.

"அவங்க நமக்குக் குடுக்க வேண்டியது?"

முனிராஜ் ரசீதைத் திருப்பி விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தான். அந்தப் பக்கத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.